திரும்பத் திரும்பப் பிறக்கும் அண்டம்: ஸ்டைன்ஹார்ட்டா, பென்ரோஸா?

அண்டம் அழிந்து அழிந்து மறுபடி பிறக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இயற்பியலாளர் ரிச்சர்ட் டோல்மன் 1930களிலேயே அதில் உள்ள சிக்கலைக் காட்டிவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) சேர்வதால் சுற்றுகள் நீண்டுகொண்டே போகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அவை சிறுத்துச் சிறுத்து, கடைசியில் ஒரு தொடக்கத்தில் போய் நிற்கும். புதிதாக யார் சுழற்சி மாதிரி கொண்டுவந்தாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பால் ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டூரோக்கும் 2002இல் சொன்ன பதில்: அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் அதை மிக நீண்ட காலம் விரித்து, என்ட்ரோபியை நீர்த்துப்போகச் செய்கிறது. அப்புறம் மெதுவான சுருக்கம், மீண்டும் ஒரு வெடிப்பு. அந்தச் சுருக்கமே அண்டத்தைச் சீராக்கி, பிற்பாடு விண்மீன் மண்டலங்களாக வளரும் சிறு ஏற்றத்தாழ்வுகளையும் விதைக்கிறது. இருண்ட ஆற்றலுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரோஜர் பென்ரோஸின் மாதிரியில் சுருக்கமே கிடையாது. கருந்துளைகளெல்லாம் ஆவியாகி, நிறையற்ற கதிர்வீச்சு மட்டும் மிஞ்சும்போது நீளத்தையும் காலத்தையும் அளக்க எதுவும் இருக்காது. அந்த முடிவிலா வெறுமையே அடுத்த பெருவெடிப்பாகிறது. அழகான சிந்தனை. ஆனால் எலக்ட்ரான் போன்றவை நிறையை இழக்க வேண்டும். அதற்கு ஆதாரம் இல்லை.

சரி, கணிப்புகளுக்கு வருவோம். பென்ரோஸும் குர்சாதியானும் 2010இல் நுண்ணலைப் பின்னணியில் (பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சில்) முந்தைய அண்டத்தின் வளையங்கள் தெரிவதாகச் சொன்னார்கள். வழக்கமான மாதிரியை வைத்துக் கணினியில் உருவாக்கிய வரைபடங்களிலும் அதே மாதிரி வளையங்கள் இருப்பதை மற்ற குழுக்கள் காட்டின. முந்தைய அண்டத்துக் கருந்துளைகள் ஆவியானதன் தடங்கள் என்று 2018இல் பென்ரோஸ் குழு சொன்ன ‘ஹாக்கிங் புள்ளி’களும் மறு ஆய்வில் தேறவில்லை.

ஸ்டைன்ஹார்ட்–டூரோக் மாதிரியோ, கண்டறியக்கூடிய அளவுக்கு ஆதி ஈர்ப்பலைகள் (அண்டத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பு அதிர்வுகள்) இருக்காது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. தென் துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கியின் குழு 2014இல் அந்த அலைகளின் அளவு (அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிட்ட விகிதம்) 0.2 என அறிவித்தபோது இந்த மாதிரியின் கதை முடிந்தது போலிருந்தது. பிறகுதான் அந்தச் சமிக்ஞைக்கு நம் பால்வெளியின் தூசியே காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தது. அந்த விகிதத்துக்கு 2021இல் வெளியான உச்சவரம்பு 0.036. இது வெற்றி ஆகிவிடாது. அண்டம் தொடக்கத்தில் கண நேரத்தில் பிரம்மாண்டமாக விரிந்தது என்னும் போட்டியான பெருவீக்கக் கோட்பாட்டின் பல வடிவங்களும் இந்த வரம்புக்குள் அடங்கும். சுருக்கம் விரிவாக மாறும் அந்தத் திருப்பம் எப்படி நடக்கிறது என்ற கேள்வியும் முழுதாகத் தீரவில்லை.

ஆனாலும் என் ஓட்டு ஸ்டைன்ஹார்ட்–டூரோக் பக்கம்தான். எது கிடைத்தால் தங்கள் மாதிரி தோற்கும் என்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் தேடுவது அந்த ஆதி அலைகளின் தடத்தைத்தான். அது உறுதியாகக் கிடைத்துவிட்டால் இந்த மாதிரியைக் கைவிட வேண்டியதுதான்.