கடற்காற்றுத் தகைவுக்கு எந்தத் தரவை எடுக்கலாம்? காப்பர்னிகஸ் எல்4 தொகுப்பு: விமர்சனம்

மேட்டூர் நீர்வரத்தை வைத்து புராஜெக்ட் செய்யும் சேலம் மாணவர்கள் பெரும்பாலும் குடகு மழைக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்த மழைக்கு ஈரம் சுமந்து வரும் காற்று, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோமாலியா பக்கமிருந்து அரபிக் கடலைக் கடந்து வருகிறது. அது கடல்பரப்பை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதுதான் காற்றுத் தகைவு. இதை அறிய இலவசமாகக் கிடைப்பவற்றில், ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல் தரவுத் தளமான காப்பர்னிகஸ் மரீன் சேவையின் எல்4 (இடைவெளி நிரப்பிச் சீரான கட்டங்களில் தரும் நான்காம் நிலை) மணிநேரக் காற்றுத் தொகுப்பைத்தான் முதலில் பரிந்துரைப்போம். 1994 ஜூனில் தொடங்குகிறது. கட்ட அளவு பழைய ஆண்டுகளுக்கு 0.25 டிகிரி, பிந்தைய ஆண்டுகளுக்கு 0.125 டிகிரி.

இதன் பெரிய பலம், வேகத்தோடு தகைவையும் நேரடியாகத் தருவது. பலர் மாதச் சராசரி வேகத்தை எடுத்து வர்க்கப்படுத்தித் தகைவு கணக்கிடுகிறார்கள். அது தவறு. காற்று பாதி நேரம் விநாடிக்கு 4 மீட்டரும் மீதி நேரம் 12 மீட்டரும் வீசினால், சராசரியின் வர்க்கம் 64. வர்க்கங்களின் சராசரி 80. இங்கேயே 20 சதவீதம் போய்விடுகிறது. வேக வர்க்கத்தைத் தகைவாக மாற்றப் பெருக்கும் இழுவைக் குணகமும் பலத்த காற்றில் ஏறும். லார்ஜ், பாண்ட் என்ற ஆய்வாளர்களின் 1981 சூத்திரப்படி 8 மீட்டர் வேகத்தில் குணகம் 0.0012, தகைவு சதுர மீட்டருக்குச் சுமார் 0.09 நியூட்டன், 15 மீட்டரில் குணகம் 0.00147, தகைவு 0.4ஐத் தொடும். ஆகவே மணிநேரத் தகைவை எடுத்துச் சராசரி காணுங்கள்.

தொகுப்பில் உள்ள வேகம் 10 மீட்டர் உயரத்துக்கான, தகைவுக்கு இணையாக்கப்பட்ட வேகம். அதை, காற்று, கடல் வெப்பநிலைகளைக் கொண்டு தகைவு காணும் கோயர் (COARE) நிரலில் போட்டு மறுபடி வெப்பநிலைத் திருத்தம் செய்யாதீர்கள். செயற்கைக்கோளிலிருந்து ரேடார் அலை அனுப்பிக் காற்றை அறியும் ஸ்கேட்டரோமீட்டர் அளப்பது நீர்ப்பரப்பின் சொரசொரப்பை. அதனால் கடல் நீரோட்டத்தின் விளைவும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. சோமாலி நீரோட்டத்தைத் தனியாகக் கழித்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும்.

குறையும் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் செயற்கைக்கோள் பார்த்ததில்லை. அடியில் இருப்பது ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 (ERA5) கணினி மாதிரியின் காற்று. ஸ்கேட்டரோமீட்டர்களோடு அதற்குள்ள சராசரி வேறுபாட்டைக் கொண்டு திருத்தியிருக்கிறார்கள். பருவக்காற்று ஆய்வுக்கு இது போதும். புயலின் உச்ச வேகத்துக்கு இதை நம்பக் கூடாது.

புயல் நாளுக்கு, செயற்கைக்கோள் கடந்த பாதையில் நேரடியாக அளந்த பாதைத் தரவுக்குப் போக வேண்டும். ஐரோப்பாவின் மெட்ஆப் வானிலைக் கோள்களில் உள்ள ஆஸ்காட் என்ற ஸ்கேட்டரோமீட்டர், நீண்ட அலையான சி-பேண்டில் இயங்குவதால் மழையை ஓரளவு தாங்கும். ஆனால் 550 கிலோமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகளுக்கு நடுவே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் இடைவெளி. புயலின் கண் அதில் விழுந்தால் அந்தக் கடப்பில் ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3 அகலமாகப் பார்க்கிறது. அதன் தரவை இஸ்ரோவின் மோஸ்டாக் (MOSDAC) தளத்தில் பெறலாம். அது குறுகிய அலையான கு-பேண்ட், மழை பெய்யும் இடத்தில் மெல்லிய காற்றைப் பலமாகவும் பலத்த காற்றைக் குறைவாகவும் காட்டும். மழை பாதித்ததாகத் தரவிலேயே குறியிட்ட புள்ளிகளை நீக்காமல் தகைவின் சுழற்சியை (curl) கணக்கிட்டால் பொய்ச் சுழல்கள் முளைக்கும்.

பாக் நீரிணை போன்ற குறுகிய கடலுக்கு எல்4 சரிப்படாது. நிலநடுக்கோட்டிலிருந்து 2, 3 டிகிரிக்குள் காற்றுத் தகைவால் மேல்நீர் எவ்வளவு நகர்கிறது என்று காணும் எக்மன் கணக்கும் வேண்டாம். பூமிச் சுழற்சியின் விளைவைக் குறிக்கும் கொரியோலிஸ் எண்ணால் அதில் வகுக்கிறோம்; அது அங்கே பூஜ்யத்தை நெருங்குவதால் விடை வெடித்துவிடும்.

பதிவிறக்கத்துக்குக் கணக்கு தொடங்கி, அவர்களுடைய பைத்தான் கருவியில், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் சப்செட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். கிழக்கு 50 முதல் 75, வடக்கு 5 முதல் 20 டிகிரி வரை 0.125 டிகிரிக் கட்டத்தில் எடுத்தால், 30 நாள் மாதத்தில் ஒரு மாறிக்கு ஏறக்குறைய 1.73 கோடி எண்கள். கிழக்கு, வடக்குத் தகைவுகள் இரண்டுக்கும் நினைவகத்தில் 140 எம்பி பிடிக்கும். 8 ஜிபி லேப் கணினியில் மாதம் மாதமாகத் திறந்து, சராசரியை மட்டும் சேமித்து முன்னேறுங்கள். நேரம் யூடிசியில் இருக்கும். இந்திய நாள் கணக்குக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

சரிபார்க்க ஏற்காட்டுக் காற்றுமானியின் அளவை வைத்து ஒப்பிடுவது வீண். அது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மரமும் மேடும் தடுக்கும் தரைக்காற்று. இந்தியப் பெருங்கடலில் நங்கூரமிட்டு வானிலை அளக்கும் ராமா (RAMA) மிதவைகளை எடுங்கள். அவற்றின் காற்றுமானி நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 4 மீட்டரில் இருப்பதால், 10 மீட்டருக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.