விறைப்பு மாத்திரையோடு எந்த வலி மாத்திரையைப் போடலாம்?

சில்டெனாஃபிலோ டாடலாஃபிலோ எடுத்துக்கொள்கிறவருக்கும் பல்வலி வரும், முதுகு பிடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் கேட்கக் கூச்சம். கைக்குக் கிடைத்த வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, இரண்டும் சேர்ந்து ரத்தத்தைக் கெடுக்குமோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமோ என்று ராத்திரி முழுக்கக் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் பாராசிட்டமால் முதலில், இப்யூபுரூஃபென் வகை அடுத்து, டிராமடால் கடைசி.

விறைப்பு மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 100 மி.கி. சில்டெனாஃபில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவைச் சராசரியாக 8 புள்ளி இறக்கும். நான்கு மணி நேரத்தில் அதில் பாதி உடம்பை விட்டுப் போய்விடும். டாடலாஃபிலுக்கு 17 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ரத்த அணுக்களைக் குறைப்பது இவற்றின் குணம் அல்ல. இந்தச் சேர்க்கையில் ரத்தத்தில் கை வைப்பது பெரும்பாலும் வலி மாத்திரைதான்.

பாராசிட்டமால் வழக்கமான அளவில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தொந்தரவு செய்யாது, வயிற்றையும் புண்ணாக்காது. கவனிக்க வேண்டியது கல்லீரலை. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. இப்யூபுரூஃபென் ஒரு நாளில் பிடியை விட்டுவிடும். ஆஸ்பிரின் அப்படியில்லை, ஒரு தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள், முடக்கிவிடும். திங்கட்கிழமை போட்ட மாத்திரைக்கு வியாழக்கிழமை சவரம் செய்யும்போது பலன் தெரியும்: கன்னத்துக் கீறலில் அழுத்திய பஞ்சை எடுத்தால் மறுபடி ஒரு சிவப்புத் துளி எட்டிப் பார்க்கும். 150 மி.கி. ஆஸ்பிரினோடு சில்டெனாஃபிலைக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தம் வடியும் நேரம் அதற்கு மேல் கூடவில்லை என்பது ஆறுதல். ஆனால் வயிற்றுப்புண்ணோ ரத்தம் உறையாத கோளாறோ இருப்பவருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. வயிற்றுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. மலம் தார் மாதிரி கறுக்கும், ஹீமோகுளோபின் இறங்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். விறைப்புக் குறைபாடு உள்ள பலருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கூடவே இருக்கும் என்பதால், இந்த வகையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். இரண்டாம் இடம்கூட ஓரிரு நாளைக்குத்தான்.

சரி, எதிர்ப்பு சக்தி? இந்த இரண்டு வகையும் காய்ச்சலை இறக்கிவிடுவதால் உள்ளே வளரும் தொற்று தெரியாமல் போகலாம். எதிர்ப்பு சக்தி குறைவது வேறு, இது வேறு. தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களை நிஜமாகவே வீழ்த்தக்கூடிய வலி மாத்திரை அனால்ஜின். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் அதை 1977-லேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் போட்டபின் தொண்டை வலியும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

டிராமடாலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் எதிர்ப்பு சக்தி இல்லை; அந்த விஷயத்தில் இந்த அபின் வகை மாத்திரை மார்ஃபினைவிடச் சாதுதான். விந்து சீக்கிரம் வெளியேறாமல் இருக்க இதை விறைப்பு மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் எனக்குப் பயம். அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும், டிராமடால் தலைசுற்றலைக் கூட்டும். ராத்திரி கட்டிலிலிருந்து சட்டென எழுந்தால் கண் இருண்டு, விழுந்து மண்டை உடையலாம். வலிப்பு வரும் அபாயமும் பழக்கமாகிவிடும் அபாயமும் தனி.

அப்புறம், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை. அதையும் வலி மாத்திரை என்றே நினைத்து யாராவது நல்லெண்ணத்தில் நீட்டுவார்கள். இந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் விறைப்பு மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம், நைட்ரேட் கூடாது. நெஞ்சு வலியென்று போனால் மனைவி பக்கத்தில் நின்றாலும், மகன் நின்றாலும், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.