எஸ்கியூலைட்டுக்கு மேலே எவ்வளவு போர்த்தலாம்?

எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளத்தை நம் நிரலிலிருந்து நேரடியாக அழைக்கலாம். மெல்லிய உறை போட்டு அழைக்கலாம். தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லையே மறைத்து, டேபிள்களை நிரலின் பொருள்களாகக் காட்டும் ஓஆர்எம் (ORM) என்ற அடுக்கும் வைத்துக்கொள்ளலாம். எது நல்லது என்ற வாதத்தில் வரும் காரணங்கள் பெரும்பாலும் தனி சர்வரில் ஓடும் தரவுத்தளத்துக்கானவை. எஸ்கியூலைட்டோ நம் நிரலுக்குள்ளேயே ஓடும் லைப்ரரி.

அதனால் ஓஆர்எம் மீதான பழைய பழி ஒன்று இங்கே பாதி கரைந்துவிடுகிறது. பட்டியலுக்கு ஒரு குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), அதன் ஒவ்வொரு வரிசைக்கும் இன்னொன்று என்று ஓடும் 'என் பிளஸ் ஒன்' சிக்கல், நெட்வொர்க் தாண்டிப் போய்க் கேட்க வேண்டிய போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்தில் பக்கத்தையே மந்தமாக்கும். எஸ்கியூலைட்டில் நெட்வொர்க்கே குறுக்கே இல்லை. ஒரு பக்கத்துக்கு 200 குவெரி ஓடினாலும் பிரச்சினையில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது.

சரி, அப்படியானால் ஓஆர்எம்தானா? அங்கேதான் எனக்குத் தயக்கம். 'நாளைக்கே தரவுத்தளத்தை மாற்றலாம்' என்பது அதன் பெரிய கவர்ச்சி. மொபைல் செயலியில் அதை யார் மாற்றப்போகிறார்கள்? நடக்காத மாற்றத்துக்காக எஸ்கியூலைட்டின் குணங்கள் கண்ணுக்கு மறைந்துபோகின்றன. ஃபாரின் கீ சோதனை, அதாவது ஒரு வரிசை சுட்டும் வரிசை இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சோதனை, வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இயக்க வேண்டும். பைத்தானின் ஜாங்கோவில் உள்ள ஓஆர்எம், 2.0 பதிப்பு முதல் அதைத் தானே செய்கிறது. பைத்தானின் இன்னொரு ஓஆர்எம்மான எஸ்கியூஎல்ஆல்கெமியில் அது நம் வேலை. மறந்தால், மாடலில் உறவு அழகாக இருக்கும், டேபிளில் அனாதை வரிசைகள் சேரும்.

எழுதுவதிலும் இதே கதை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையில் ஒரு டிரான்சாக்‌ஷன் முதலில் படித்துவிட்டு, இடையில் வேறொருவர் எழுதி முடித்த பின் தானும் எழுதப்போனால், எவ்வளவு காத்திருப்பு நேரம் வைத்திருந்தாலும் உடனே 'பிஸி' பிழைதான். எழுதும் உரிமையை முதலிலேயே எடுத்துக்கொள்ளும் 'பிகின் இம்மீடியட்' கட்டளையோடு தொடங்கினால் தீரும். ஆனால் அந்தக் கட்டளையை அனுப்புவது நாமல்ல, ஓஆர்எம். அதற்கான அமைப்பு ஜாங்கோவில் 5.1-இல்தான் வந்தது.

நேரடி அழைப்பு சி மொழிக்காரர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு பிரிப்பேர், பைண்ட், ஸ்டெப், ஃபைனலைஸ் என்று ஒரே எழுத்துவேலை.

என் ஓட்டு மெல்லிய உறைக்கு. ஆண்ட்ராய்டில் எஸ்கியூலைட்டுக்கு உறையாக வரும் ரூம் (Room) லைப்ரரி நல்ல உதாரணம்: எஸ்கியூஎல்லை நாமே எழுதுகிறோம், டேபிளின் நெடுவரிசைப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் கம்பைல் ஆகும்போதே பிடித்துவிடும். பிஎச்பி மொழியில் வரும் பிடிஓ (PDO) என்ற உறை அவ்வளவு சோதிக்காது, ஆனால் குறுக்கேயும் நிற்காது. பின்னாளில் போஸ்ட்கிரஸுக்குப் போவது உறுதி என்றால் மட்டும் ஓஆர்எம் எடுங்கள். அப்போதும் டெஸ்ட்களை இன்றே போஸ்ட்கிரஸில் ஓட்டுங்கள்.