பூட்டிய வீட்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர்: சில கோடை இடிகளைப் பார்த்த பிறகு

பள்ளத்தூரில் இருக்கும் பங்காளி ஒருவர் தன் வீட்டிலும் சென்சார்கள் வைக்கப்போகிறார். “இடி இடிச்சா எல்லாம் போயிருமேண்ணே, நீங்க போட்ட பெட்டி தாங்குதா?” என்று கேட்டார். பெட்டி என்று அவர் சொன்னது, மின்னலால் கரண்ட் லைனில் வோல்டேஜ் திடீரென்று எகிறும்போது சாதனங்களைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரை. தாங்குகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாக ஆகும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

கானாடுகாத்தானில் எங்கள் வீடு வருஷத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் திறப்போம். ஓடு விலகி மழைத்தண்ணீர் இறங்கினால் தெரிய வேண்டும், பின்கட்டுக் கதவை யாராவது திறந்தால் தெரிய வேண்டும், மேல்தொட்டி வழிந்தால் தெரிய வேண்டும். சென்சார்கள் அதற்காகத்தான். ஆள் குடியிருக்கும் வீட்டில் வானம் உறுமியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். இன்றைக்கும் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு கிடையாது. பூட்டிய வீட்டில் பிடுங்க ஆள் இல்லை. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்திருக்கும் தாமினி செயலியை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் போனில் போட்டுக் கொடுத்தோம். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அது எச்சரிக்கும், நல்ல செயலி. ஆனால் அவர் தன் வீட்டில் தூங்கும் நேரத்தில் எச்சரிக்கை வந்து என்ன பயன்?

எனவே வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக்குள், எம்.சி.பி. சுவிட்சுகளோடு வரிசையாக உட்காரும் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் மாட்டினோம். 275 வோல்ட் வகை, 40 கிலோ ஆம்பியர். மற்ற விவரங்களைக் கடைக்காரரே சொல்வார். அதற்கு முன்பு சித்திரை, வைகாசி மாலைகளில் வரும் இடிமழையில் ரவுட்டரோ, சென்சார்களின் செய்தியை இன்டர்நெட்டுக்கு அனுப்பும் கேட்வேயோ போகாத வருஷம் அபூர்வம். இது வந்தபின் கரண்ட் வழியாக ஒரு அடாப்டர்கூடப் போகவில்லை. இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

என் கோபமெல்லாம் அதன் முகத்தில் இருக்கும் சின்ன ஜன்னல்மேல்தான்.

உள்ளே இருப்பது வாரிஸ்டர். வோல்டேஜ் எகிறும்போது அது சட்டென்று கடத்தியாக மாறி, வருகிற கரண்டை எர்த்துக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். தேய்ந்து சூடாகும் நிலை வந்தால் உள்ளே ஓர் இணைப்பு விட்டுப்போய், பச்சையாக இருந்த ஜன்னல் சிவப்பாகிவிடும். தீப்பிடிக்காமல் இருக்க அது அவசியம்தான். ஆனால் அதன்பிறகும் லைட் எரியும், ஃபேன் சுற்றும், சென்சார்கள் ஒழுங்காகச் செய்தி அனுப்பும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. எங்கள் மெயின் போர்டு முகப்பை ஒட்டிய இருட்டு நடையில் இருக்கிறது. டி.பி. மூடியைத் திறந்தால்தான் ஜன்னல் தெரியும். பூட்டிய வீட்டில் யார் போய் அதைத் திறந்து பார்ப்பது?

போன படைப்புக்குப் போனபோது எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்காக மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறம் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஜன்னல் முழுச் சிவப்பு. வாரிஸ்டர் இருக்கும் கார்ட்ரிட்ஜை உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது, கருகிய வாடை இன்னும் போகவில்லை. எத்தனை மாதமாக அப்படிக் கிடந்ததோ, யாருக்கும் தெரியாது.

நியாயமாகச் சொன்னால் அதைக் குறை சொல்ல முடியாது. செத்தது அதன் கடமை. இடியால்தான் செத்தது என்றும் சொல்லிவிட முடியாது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரும் இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். மின்னலால் வரும் எழுச்சி (சர்ஜ்) மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடும், நியூட்ரல் கோளாறோ நிமிஷக் கணக்கில் நிற்கும். அதைத் தாங்க இந்தப் பெட்டி செய்யப்படவில்லை. அதற்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் போட வேண்டும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று நிறையப் பேர் இருந்துவிடுகிறார்கள். மின்னலின் வேகத்துக்கு அது அசையக்கூட நேரம் இருக்காது.

ஆனால் கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. உருவி மாற்றலாம் என்றுதானே அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள்? கேட்டுப் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் தனியாக வராதாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். அப்புறம் எதற்கு அது கழற்றும்படி இருக்கிறது?

இத்தனைக்கும் நடுவில் மனசை நிறைத்தது ஒன்று உண்டு. பெட்டியின் அடியில் மூன்று சின்ன டெர்மினல்கள் இருந்தன. ரிமோட் காண்டாக்ட். ஜன்னல் சிவப்பானால் அங்கே ஒரு சுவிட்ச் மாறும். மெயின் கரண்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கதவில் ஒட்டும் பேட்டரி சென்சார் ஒன்றைத் திறந்து, காந்தத்தைப் பார்த்து மூடித் திறக்கும் கண்ணாடிக் குழல் இருந்த இடத்தில் இந்தக் காண்டாக்ட்டிலிருந்து இரண்டு சிறிய ஒயர்களைப் பற்றவைத்தோம். இப்போது புரொடெக்டர் போனால், “கதவு திறந்தது” என்கிற மாதிரியே சென்னையில் இருக்கும் என் போனுக்குச் செய்தி வந்துவிடும். காவலுக்கு நிற்பவனே தனக்கு முடியவில்லை என்று சொல்லியனுப்பும் ஏற்பாடு. கார்ட்ரிட்ஜை உருவிச் சோதித்தேன், செய்தி உடனே வந்தது. இவ்வளவு சின்ன வேலையில் இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த டெர்மினல் இல்லாத மாடல்களும் கடையில் நிறைய இருக்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது ஒயர் நீளத்தைக் கவனியுங்கள். புரொடெக்டருக்குப் போகும் ஒயரும் எர்த்துக்கு இறங்கும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஒயரில் ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது வேகமாக மாறும் கரண்டை எதிர்க்கும் குணம், இருக்கிறது. 8 மைக்ரோ விநாடியில் 10 கிலோ ஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டரில் மட்டுமே 1,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அதையும் சேர்த்துத்தான் உங்கள் கேட்வே வாங்கும். அழகாகச் சுருட்டி வைத்த உபரி ஒயர் இந்த இடத்தில் கூடவே கூடாது. வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சென்சார் கேபிளை அந்த நீளம் முழுக்க இழுத்தால், டி.பி.யில் எவ்வளவு நல்ல புரொடெக்டர் இருந்தாலும் அது அந்தக் கேபிளைப் பார்க்காது. மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை. ஊருணிப் பக்கம் விழுந்தாலே நீளமான கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். இப்படி நீளமான ஒயரில் செய்தி அனுப்பும் ஆர்.எஸ்.485 சிப்புகள் சாதாரணமாகத் தாங்குவது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். போதாததற்கு, முன்பக்கம் மீட்டருக்கு ஓர் எர்த், பின்பக்கம் போர் மோட்டாருக்கு ஓர் எர்த். பக்கத்தில் இடி விழும் கணத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் பாய்வதற்கு நம் கேபிள்தான் வழி கொடுக்கிறது. மெயின் லைன் பத்திரமாக இருந்தும் எங்கள் பின்கட்டு போர்டுகள் போனது இப்படித்தான். இரண்டு எர்த்தையும் கனமான கம்பியால் இணைத்தோம். கட்டுக்குக் கட்டு ஓடிய செம்புக் கேபிளை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடி, ஒயர் இல்லாமல் செய்தி அனுப்பும் ஜிக்பீ சென்சார்களை வைத்தோம். எந்த ஒயரிலும் சேராததால் அவற்றுக்குள் ஒயர் வழியாக எழுச்சி நுழைய வழியே இல்லை. இன்றுவரை ஒன்றுகூட இடியில் போகவில்லை. சுண்ணாம்புச் சுவரின் கனத்தில் சிக்னல் திணறத்தான் செய்கிறது. வளவின் நடுமுற்றம் திறந்து கிடப்பதால் அங்கே ஒரு ரிப்பீட்டர் வைத்ததும் சரியாகிவிட்டது.

இன்டர்நெட் ஃபைபரில் வருகிறது, அதில் பயமில்லை என்பார்கள். கண்ணாடி இழை கடத்தாது, உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளோடு தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி இருந்தால், அதை வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் இடிதாங்கி இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது கட்டடத்தைக் காக்கும், உள்ளே இருக்கும் மின்சாதனத்தைக் காக்காது. இடிதாங்கி உள்ள வீட்டுக்கு டைப் 2 மட்டும் போதாது, நேரடி மின்னலின் கரண்டையே தாங்கும் டைப் 1 வேண்டும்.

எர்த் குழி பற்றியும் சொல்ல வேண்டும். நம் செம்புராங்கல் பூமி பங்குனியில் காய்ந்து கல்லாகிவிடும். முதல் கோடை இடி வருவதும் அப்போதுதான். பங்குனி பிறந்ததும் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வைத்திருக்கிறோம்.

சரி, வாங்கலாமா? நான் வைத்திருக்கும் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்றுதான் பங்காளியிடம் சொல்வேன். நன்றாகக் காத்தது, செய்தி சொல்கிறது, எல்லாம் சரி. கார்ட்ரிட்ஜ் தனியாகக் கொடுக்காத கம்பெனிக்கு இன்னொரு வீட்டுப் பணம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போதும் அதே பெட்டிதான், புது செட்டாக மாட்டியிருக்கிறது. நீங்கள் காரைக்குடிக் கடையில் “கார்ட்ரிட்ஜ் தனியா இருக்கா, ரிமோட் காண்டாக்ட் இருக்கா” என்று இரண்டையும் கேட்டு, இருக்கிற மாடலை ஓர் உபரிக் கார்ட்ரிட்ஜோடு வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் மெயின் போர்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, எர்த் ஒயர் எங்கே இறங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.