பெவர்லியில் எது முதலில்: மின்ஸ்டரா, புனித மரியாள் ஆலயமா?

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரின் பெவர்லிக்கு ரயிலில் போய் அரை நாளில் திரும்புபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊரின் தென்கோடியில் மின்ஸ்டர் எனும் பெரிய தேவாலயம், வடக்கே புனித மரியாள் ஆலயம். நடுவில் கால் மணி நேர நடை.

பார்க்க வேண்டியது
மின்ஸ்டர்: 1340 வாக்கில் எழுந்த பெர்சி என்ற பிரபுக் குடும்பத்தின் கல்லறை விதானம். கல்லைச் செதுக்கினார்களா, மெழுகைக் குழைத்தார்களா என்று தோன்றும். பக்கத்திலேயே அடைக்கலம் தேடி வந்தவர்களோடு தொடர்புள்ள பழைய கல் இருக்கை.
மரியாள்: 1445ஆம் ஆண்டின் மரக்கூரையில் 40 அரசர்களின் ஓவியங்கள். அதில் ஒருவர் மட்டும் ஆறாம் ஜார்ஜ், பிற்காலச் சேர்க்கை! கதவோரம் பை மாட்டிய யாத்திரை முயல் சிற்பம்.

மடக்கு இருக்கைகள்
மின்ஸ்டரில் 68, மரியாளில் 28. நெடுநேரம் நிற்கும் குருமார் சற்றே சாய்ந்துகொள்ளச் செய்தவை. செதுக்கல் பலகையின் அடியில் இருக்கும். நீங்களே தூக்கிப் பார்க்காதீர்கள், அங்குள்ள பணியாளரைக் கேளுங்கள்.

சிரமம்
மின்ஸ்டர்: கூரைக்கு ஏறினால் ஆள் உள்ளே நடந்து சுழற்றும், பாரம் தூக்கும் சக்கரத்தைக் காணலாம். படிகள் குறுகல், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.
மரியாள்: கழுத்துதான் வலிக்கும். சிறிய தொலைநோக்கி எடுத்துப் போங்கள்.

வெளிச்சுவர்
இரண்டிலும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல். நிலக்கரிப் புகையின் கந்தகம் இதை உப்பாக்கி உதிர்த்துவிடும். வெளிச் சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருப்பதற்குக் காரணம் அதுவே. மரியாளின் கோபுரம் 1520இல் இடிந்தது வேறு கதை.

ஒரு மணி நேரம்தான் என்றால் மரியாள். பொடிநடையில் 1409ஆம் ஆண்டின் செங்கல் வாயிலான நார்த் பாரையும் பார்த்துவிடலாம். கட்டடக்கலைக்காகவே வருபவர் மின்ஸ்டரை விடக்கூடாது.