இரண்டு மெடிக்கல் ஒஃபரையும் தங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்ட ஏஜென்சி: மட்டக்களப்பு, கல்முனைப் பெற்றோர் கவனத்துக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை உள்ள மாதங்கள்தான், வெளிநாட்டுக்கு மெடிசின் படிக்க அனுப்புகிறோம் என்று சொல்லும் இந்த ஏஜென்சிகளுக்கு அறுவடைக் காலம். பிள்ளைக்கு இசட் ஸ்கோர் தெரியும், மெடிசின் கிடைக்குமா என்று தெரியாது. அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசி 5 வீதத்துக்குள்ளும் வருவதால் "எப்படியும் வரும்" என்று ஒரு ரியூசன் சேர் சொல்வார், "இந்த முறை கஷ்டம்" என்று இன்னொருவர் சொல்வார். வீட்டில் யாருக்கும் நித்திரை இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் "இலவச மெடிக்கல் செமினார்" என்ற நோட்டீஸ் ரியூசன் வாசலில் கையில் திணிக்கப்படுகிறது. எங்கள் வீட்டுக்கு அழைப்பே வந்தது. மாணவர்களின் போன் நம்பர் அவர்களிடம் எப்படிப் போனது என்று சம்பந்தப்பட்ட சேர்மார்தான் சொல்ல வேண்டும்.

என் அக்காவின் மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். அத்தான் கட்டாரில். ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் பொலிசில் முறைப்பாடு இருக்கிறது. பெயரைப் போட்டு அவர்கள் என்மேல் வழக்கு வைக்க நானே வழி செய்து கொடுக்க விரும்பவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே அங்கு போய் வந்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும்.

மருமகளிடம் அப்போது ஏற்கெனவே ஒரு ஒஃபர், அதாவது இடம் தருகிறோம் என்ற கடிதம், இருந்தது. பங்களாதேஷில் ஒரு தனியார் மெடிக்கல் கொலிஜ். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூத்த அக்கா ஒருத்தி அங்கு படிக்கிறாள், அவள் வழிகாட்ட, பிள்ளை தானாகவே விண்ணப்பித்து எடுத்தது. 5 வருடப் படிப்பு, பிறகு ஒரு வருட இன்டர்ன், ஆங்கில மொழிமூலம், பட்டம் தருவது அந்தக் கொலிஜ் இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். செலவு அதிகம். அந்த ஒரு காரணத்தால்தான் என் அக்கா செமினாருக்குப் போனாள். குறைவாக வேறு இடம் இருந்தால் பார்ப்போமே என்று.

செமினார் டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். மேடையில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவரை "டொக்டர்" என்று அறிமுகம் செய்தார்கள். அவர் மூன்றாம் வருட மாணவர் என்பதும், விடுமுறையில் வந்து ஆள் சேர்த்துக் கொடுத்தால் கொமிசன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ரோல்ஸும் நெஸ்கஃபேயும் தந்து, தனித்தனி மேசையில் இருத்திக் கதைத்தார்கள். மருமகளிடம் பங்களாதேஷ் கடிதம் இருப்பதைக் கேட்டதும் முகாமையாளரே எழுந்து வந்தார். "அக்கா, நீங்க ஒன்றுக்கும் யோசிக்காதீங்க. அந்த ஒஃபரையும் கொண்டு வாங்க. நாங்க இன்னொரு ஒஃபர் எடுத்துத் தாறம். ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்த்து எது நல்லதோ அதை எடுப்பம்" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

கொஞ்ச நாளில் இரண்டாவது ஒஃபர் வந்தது. முன்னாள் சோவியத் நாடொன்றின் பல்கலைக்கழகம். கூடவே லமினேற் செய்த ஒரு ஒப்பீட்டுத் தாள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது பக்கம் பங்களாதேஷ், சிவப்பு எழுத்து. வலது பக்கம் அவர்களுடையது, பச்சை எழுத்து. "கட்டணம்" என்ற வரியில் இடது பக்கம் 45,000 டொலர், வலது பக்கம் 3,800 டொலர். முதல் எண் ஐந்து வருடத்துக்கும் சேர்த்தது, இரண்டாவது எண் ஒரு வருடத்துக்கு மட்டும். எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை. விடுதி, காப்புறுதி, விசா நீடிப்பு எதுவும் வலது பக்கத்தில் இல்லை. ரூபாக் கணக்கு இரண்டு பக்கமும் இருந்தது, ஆனால் டொலர் விலை அப்படியே நிற்கும் என்ற மாதிரி. 2022இல் 200 ரூபா டொலர் சில கிழமைக்குள் 350ஐத் தாண்டியபோது வெளிநாட்டில் பிள்ளை படித்துக்கொண்டிருந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள், ஆறு வருடக் கணக்கு என்றால் என்ன என்று.

நேர்மையாகச் சொன்னால், எல்லாவற்றையும் கூட்டினாலும் அவர்களுடைய இடம் மலிவுதான். மலிவாக இருப்பது குற்றமில்லை. ரஷ்யா, பெலருஸ், சீனா என்று போய்ப் படித்து வந்து நம்முடைய ஆஸ்பத்திரிகளிலேயே நல்ல பெயரோடு வேலை செய்கிற டொக்டர்மார் இருக்கிறார்கள். பிரச்சினை அடுத்த வரியில் இருந்தது: "இலங்கையில் அங்கீகாரம்". இரண்டு பக்கமும் பச்சை நிறத்தில் ஒரு சரி.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர் இங்கே உடனே டொக்டர் ஆகிவிட முடியாது. இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்ய ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சை எழுத வேண்டும். பழைய ஆட்கள் அதை "அக்ட் 16" என்பார்கள். அதில் சித்தியடைந்த பிறகுதான் அரச ஆஸ்பத்திரியில் இன்டர்ன். அந்தப் பரீட்சைக்கு உட்காரவே, படித்த இடத்தை மருத்துவ சபை அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஆறு வருடம் படித்து முதல் மாணவனாக வந்தாலும் வாசலோடு சரி. அங்கீகாரம் என்ற இந்த ஒரு கேள்வியில் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வருடக்கணக்காக அலைக்கழிந்ததை, 2018இல் அது மூடப்படும்வரை நாடே பார்த்தது. அதுவும் உள்நாட்டில் இருந்த இடம்.

மருமகள் கெட்டிக்காரி. "சேர், அங்கீகாரத்தை எங்க பார்க்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். முகாமையாளர் போனில் உலக மருத்துவப் பாடசாலைகள் விபரக்கொத்து என்ற இணையப் பட்டியலைத் திறந்து காட்டினார். பெயர் இருந்தது. "பார்த்தீங்களா, வேர்ல்ட் லிஸ்ட்டிலேயே இருக்கு."

அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்தத் தளமே எழுதி வைத்திருக்கிறது. உலகத்தில் எங்கெங்கே மருத்துவப் படிப்பு நடக்கிறது என்பதைக் காட்டும் விபரக்கொத்து அது, அவ்வளவுதான். அதேபோல "யூ.ஜி.சி. அங்கீகாரம் உண்டு" என்றும் சொல்வார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்பது வேறு, அங்கே படித்தவர் இங்கே ஊசி போடலாம் என்று மருத்துவ சபை ஏற்பது வேறு. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. நானும் மருமகளும் இருந்து தேடினோம். அதே நகரத்தில் உள்ள அரச மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. எங்கள் கடிதத்தில் இருந்த பெயர் அதற்கு ஒரு சொல் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் அரச பல்கலைக்கழகம் போய், கேள்விப்படாத ஒரு தனியார் நிறுவனம் வந்துவிட்டது. முகாமையாளரிடம் கேட்டால், "ரெண்டும் ஒன்றுதான் அண்ணன், மொழிபெயர்ப்பில அப்படி வரும்." எழுத்தில் தாருங்கள் என்றேன். தரவில்லை. அப்புறம் கதை மாறியது: "இலங்கைக்கு ஏன் திரும்பி வரணும்? லண்டன், அவுஸ்திரேலியா போகலாமே." அங்கேயும் பரீட்சையும் நிபந்தனைகளும் இருக்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை, நானும் வாதாடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ரஷ்யாவில் படித்து வந்து ஈ.ஆர்.பி.எம். எழுதிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். கடிதத்தை அவரிடம் காட்டினோம். மேலே பெரிய முத்திரை, ஒப்பம், "ஜெனரல் மெடிசின்" என்று தடித்த எழுத்து எல்லாம் சரி. அவர் நேரே கீழே போய், சின்ன எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். "மாமா, இது மெடிசினுக்குத் தந்த இடம் இல்ல. ஒரு வருச ஆயத்தப் பிரிவுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்க. அங்க அவங்கட மொழியும் கொஞ்சம் பயோவும் கெமிஸ்ட்ரியும் படிப்பிப்பாங்க. அதை முடிச்சு சோதனை பாஸ் பண்ணினாத்தான் மெடிசினுக்கு எடுக்கிறதா இல்லையா என்று பார்ப்பாங்க." ஆயத்த வருடம் அந்த நாடுகளில் வழக்கமாக இருப்பதுதான், அதில் களவு இல்லை. ஆனால் அதை மெடிக்கல் ஒஃபர் என்று விற்பது களவு. ஆறு வருடம் ஏழாகிறது, மெடிசின் இடம் உறுதியில்லை, ஆங்கிலத்தில்தான் படிப்பிப்பார்கள் என்ற பேச்சும் பொய்யாகலாம்.

சரி, அவர்களுடையது வேண்டாம், பங்களாதேஷுக்கே போவோம் என்று முடிவெடுத்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது.

பிள்ளையின் பாஸ்போர்ட், உயர்தரச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப்பிரதியும் அவர்களிடம். வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று முதல் கிழமையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பங்களாதேஷில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, நம்முடைய பெறுபேறு அவர்களுடைய கல்வித் தகுதிக்குச் சமம் என்று அங்குள்ள மருத்துவக் கல்விப் பணிப்பகத்தில் ஒரு சான்று எடுக்க வேண்டும். அதற்கு அத்தாட்சிப்படுத்திய சான்றிதழ் வேண்டும். கொலிஜ் தந்த கடைசித் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்கும்போதெல்லாம் "கொழும்பு ஒஃபிசில இருக்கு", "நாளைக்கு கூரியரில வரும்", "அந்தப் பிள்ளை இன்று லீவு". அக்கா அந்த ஒஃபிஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். உள்ளே இருந்து ஒருத்தி வந்து, "அன்டி, கிளையண்ட்ஸ் வாற இடம், கொஞ்சம் தள்ளி இருங்க" என்றாளாம். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். காசைவிட.

திகதி போனது. இடமும் போனது. அதற்குப் பிறகு முகாமையாளர் மிக மரியாதையாகச் சொன்னார்: "இப்ப உங்களுக்கு ஒரு ஒஃபர்தானே அண்ணன் இருக்கு. அதையே எடுப்பம்." பங்களாதேஷ் இடத்தில் இவர்களுக்கு ஒரு சதம் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னதே அதன் கடைசித் திகதியைத் தெரிந்துகொள்ளத்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. நினைக்கிறேன்.

காசு விசயம். "சீட் புக்கிங்" என்று நாலரை இலட்சம் ரூபா அத்தான் அனுப்பியிருந்தார். போனது பல்கலைக்கழகக் கணக்குக்கு இல்லை, ஏஜென்சியின் கணக்குக்கும் இல்லை, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு. தந்த பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று இருக்கிறது. ஆலோசனை தந்துவிட்டார்களாம், ஆகவே காசு முடிந்ததாம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம் என்று பலர் சொன்னார்கள். அவர்கள் அனுமதிப்பத்திரம் கொடுப்பது வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு, படிப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு இல்லை. ஒஃபிஸ் சுவரில் தொங்கும் "அரசாங்கப் பதிவு" வியாபாரப் பெயர்ப் பதிவாக இருக்கலாம். சாப்பாட்டுக் கடைக்கும் அது இருக்கும். பொலிசில் காசு விசயத்தை முதலில் சிவில் பிரச்சினை என்றார்கள், மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றித் தனியாக முறைப்பாடு எழுதியதும் நிலைமை மாறியது. பாஸ்போர்ட் அரசாங்கத்தின் சொத்து, தனியார் ஒருவர் பிடித்து வைத்திருக்க அவருக்கு உரிமையில்லை. பொலிசில் இருந்து ஒரு அழைப்புப் போன அன்று பின்னேரமே "கொழும்பு ஒஃபிசில்" இருந்த எல்லாம் மட்டக்களப்பு மேசை லாச்சியில் இருந்து வெளியே வந்தன. சான்றிதழ்களில் அத்தாட்சி முத்திரை ஒன்றும் இல்லை. கொண்டுபோகவே இல்லை.

இப்போது செமினார்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்கு: மூலப்பிரதியை யாரிடமும் விட்டு வராதீர்கள், போட்டோக் கொப்பி போதும். அத்தாட்சிப்படுத்தலுக்கு நீங்களே போகலாம். கட்டணம் கட்டினால் வங்கியில் இருந்து பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு நேரே அனுப்புங்கள். கடிதத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து மருத்துவ சபைக்கு எழுதிக் கேளுங்கள், கொழும்பு போகிறவர்கள் நொரிஸ் கனால் வீதியில் உள்ள அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். உயர்தரத்தில் குறைந்தபட்சம் என்ன பெறுபேறு வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள். அது இல்லாமல் போனால் பிறகு பட்டம் இருந்தும் பலனில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் தெரிந்தவர்கள் இருந்தால், வெளிநாட்டில் படித்து வந்த டொக்டர் ஒருவரைப் பிடித்துக் கடிதத்தைக் காட்டுங்கள். எங்களுக்கு ஒழுங்கைத் தம்பி ஐந்து நிமிடத்தில் சொன்னதை ஏஜென்சி கடைசிவரை சொல்லவில்லை.

மருமகள் பங்களாதேஷுக்கு அடுத்த தொகுதிக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள், யாரும் நடுவில் இல்லாமல். காசுக்கான விசாரணை நடக்கிறது. எங்களோடு இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன, ஏறாவூர், செங்கலடி, காரைதீவு என்று. எல்லோருடைய பற்றுச்சீட்டிலும் அதே "ஆலோசனைக் கட்டணம்", எல்லோரும் காசு போட்டது அதே தனியாள் கணக்குக்கு. தனித்தனியாகப் போனால் சிவில் என்று அனுப்புகிறார்கள், ஒரே கணக்கு நம்பரோடு பல பேர் போனால் மோசடி என்று எடுக்கிறார்கள். அப்படிப் பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால், வங்கியில் காசு போட்ட சிட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு உங்கள் பொலிசில் முறைப்பாடு போடுங்கள். அந்த ஒஃபிஸ் இப்போது கல்முனையில் வேறு பெயரில் போர்டு போட்டிருக்கிறது. லமினேற் தாள் அதேதான், நாடு மட்டும் மாறியிருக்கிறது.