காசில்லாத கோடு புத்தகமும் 9 அங்குல பில்லரும்

அஸ்திவாரம் தோண்டி, பில்லர் கம்பி நிறுத்தப் போகும் வாரத்தில்தான் இந்தக் கேள்வி வரும்: "அண்ணே, ஐஎஸ் கோடு புத்தகம் எங்க கம்மி விலைக்குக் கிடைக்கும்?"

ஐஎஸ் கோடு என்றால் கட்டட வேலைக்கான இந்தியத் தரநிலை, அதாவது விதிப் புத்தகம். அதற்கு விலையே வேண்டாம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிந்தால் போதும், இங்கேயே உருவான தரநிலைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற சர்வதேச அமைப்புகளின் தரநிலைகளை அப்படியே ஏற்று வெளியிட்டவைக்குத்தான் காசு. வீடு கட்டுபவருக்கு அவற்றால் வேலை இல்லை. இறக்கிய பிரதியின் பக்கங்களில் பதிந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் அச்சாகியிருக்கும், தெருக்கார வாட்ஸாப் குழுவில் தள்ளிவிடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பதிவே வேண்டாம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இருக்கிறது. கார்ல் மாலமுடின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு சுமார் 19,000 இந்தியத் தரநிலைகளை அங்கே ஏற்றி வைத்திருக்கிறது. உயிர் காக்கும் விதியைப் படிக்கக் காசு கேட்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குக்குப் போனவர்கள் அவர்கள்.

கிடைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் வைத்து வேலை வாங்கினால்தான் இதன் குணம் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் வேலைக்கான விதியான ஐஎஸ் 456:2000 (கடைசி எண் பதிப்பு ஆண்டு) சைட்டில் நிற்பவருக்கென்றே எழுதியதுபோல் சில பக்கங்கள் வைத்திருக்கிறது. அட்டவணை 9ஐப் பாருங்கள்: எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவைக்கு ஒரு மூட்டை (50 கிலோ) சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்ந்து 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். மணலுக்கு ஜல்லி ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால் மணல் 83 கிலோ, ஜல்லி 167 கிலோ. மெஷின்காரர் ஓஸை டிரம்முக்குள் விட்டுவிட்டு, கலவை இளகட்டும் என்று காத்திருக்கும் இடத்தில் இந்த ஒரு வரி செய்யும் வேலையை எந்தச் சண்டையும் செய்யாது. இரண்டு பக்கெட்டில் கோடு போட்டுக் கொடுத்தால் முடிந்தது.

அடுத்து பிரிவு 11.3.1. ஸ்லாபைத் தாங்கும் இடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை என்றால் முட்டைப் பிரிக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இந்தக் கணக்கு ஓபிசி எனும் சாதாரண சிமெண்டுக்கு. கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிபிசி எனும் கலப்புச் சிமெண்ட். அது மெதுவாகத்தான் இறுகும், நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். க்யூரிங்குக்கும் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கும்) இதே கதை: சாதாரணமாக 7 நாள், வெயில் காலத்தில் 10, பிபிசி போன்ற கலப்புச் சிமெண்ட் என்றால் 14.

இனி எரிச்சல். அட்டவணை 9 தரும் 30 லிட்டரை 50 கிலோவால் வகுத்தால் 0.60 வருகிறது. அதே புத்தகத்தின் அட்டவணை 5, எம்20க்கு நீர்–சிமெண்ட் விகிதம் 0.55ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 27.5 லிட்டர். இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்வதுதான் சரி, அதிலும் எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் கழிக்க வேண்டும். போகட்டும், சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது பதிப்புக் குழப்பம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தேடி, முதலில் வந்த பிடிஎஃப்பைத் திறந்தால் என்ன ஆகும்? ஐஎஸ் 13920, நிலநடுக்கத்துக்கான கம்பி வேலை விதி. 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் பில்லரின் குறைந்த அகலம் 200 மில்லிமீட்டர். பீம் 5 மீட்டரையோ பில்லரின் தாங்கலற்ற உயரம் 4 மீட்டரையோ தாண்டினால்தான் 300. நம் ஊர் 9 அங்குல பில்லர் 230. சரி, தப்பித்தோம் என்று வீடு கட்டுபவர் கோப்பை மூடிவிடுவார். 2016 பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. 300 மில்லிமீட்டர், அல்லது பில்லரில் வந்து சேரும் பீமின் மிகத் தடித்த கம்பியைப்போல் 20 மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. பீமில் 16 மில்லி கம்பி போட்டால் 320 ஆகிவிடும்.

இந்த விதி யாருக்குக் கட்டாயம் என்பதும் பதிப்பு ஆண்டைப் பொறுத்து மாறும். நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கும் ஐஎஸ் 1893இன் 1984 பதிப்பில் சென்னை இரண்டாம் மண்டலம். 2002இல் மூன்றாம் மண்டலமானது. 13920:2016 மூன்றாம் மண்டலத்திலிருந்து கட்டாயம், இரண்டில் விருப்பம். ஆக இரண்டு பழைய பிடிஎஃப்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும் சென்னைக்காரர், தனக்கு எந்தக் கவலையுமில்லை என்று நிம்மதியாகத் தூங்குவார். கோடே படிக்காத மேஸ்திரியும் அதே 9 அங்குலத்தில்தான் நிற்பார். படித்து என்ன பயன்?

இதற்கு மேல் திருத்தங்கள். 456இல் 2000க்குப் பின் வந்தவை மூல வரிக்குள் சேராமல் தனித் தாள்களாக நிற்கின்றன. "இந்த வரிக்குப் பதில் இந்த வரி" என்று இருக்கும். அந்தத் தாள்களைத்தான் முதலில் படிக்க வேண்டும், யாரும் படிப்பதில்லை.

தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் (2019, அரசாணை எண் 18) இலவசம்தான்; பக்க இடைவெளிக்கும் உயரத்துக்கும் அதுதான் ஆதாரம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று அனுமதி வந்தது. அனுமதி கையில் வந்துவிட்டது என்பதற்காகக் கம்பி வேலையும் சரியென்று நினைத்துவிடாதீர்கள்.

தீர்ப்பு கேட்டால், இவ்வளவு புகழ்ந்தபின் சொல்வதற்கு ஒருமாதிரிதான் இருக்கிறது: வீடு கட்டுபவர் முழு கோடும் இறக்க வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் காசு கொடுத்து வரைபடம் வாங்குங்கள், அதில் "13920:2016" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 456இல் நாலு பக்கம் ஜெராக்ஸ் போதும்: அட்டவணை 5, அட்டவணை 9, முட்டு பிரிக்கும் நாள், க்யூரிங். கவர் அளவை, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனை, அதன் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள், ஃபூட்டிங்குக்கு (அஸ்திவாரத்துக்கு) 50 மில்லி, பில்லருக்கு 40. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 25 மில்லி கவர் பிளாக்கையே எடுத்துக் கொடுப்பார். அந்த 25, அகலம் 200ஐத் தாண்டாத, 12 மில்லிக்கு மேல் கம்பி இல்லாத பில்லருக்குத்தான். உங்கள் 9 அங்குலம் அதிலும் சேராது.